பிள்ளைகளோடு திடலுக்குச் செல்வோம்

சித்திரை பிறந்த மறுநாள், அதாவது ஏப்ரல் 15ஆம் நாள், நம் கரையில் விசைப்படகுகள் ஓய்வெடுக்கத் தொடங்குகின்றன. மீன்கள் முட்டையிட்டுப் பெருகும் காலமாதலால் ஜூன் 14 வரை 61 நாள்கள் அவை கடலுக்குச் செல்வதில்லை. 2001இல் இத்தடை தமிழகத்தில் தொடங்கியபோது 45 நாள்களாக இருந்தது. 2017 முதல் 61 நாள்களாயிற்று. இதே காலத்தில், ஏப்ரல் இறுதி முதல் ஜூன் தொடக்கம் வரை, பள்ளிக்கூடங்களுக்கும் கோடை விடுமுறை. கடலுக்கும் பள்ளிக்கும் ஒரே நேரத்தில் விடுமுறை வருவதை நாம் எண்ணிப் பார்ப்பதுண்டா? தகப்பனும் பிள்ளையும் பகல் வெளிச்சத்தில் ஒருவரையொருவர் பார்த்துப் பேசிச் சிரிக்க ஆண்டில் இத்தனை நாள்கள் சேர்ந்தாற்போல் வாய்ப்பது இந்த ஒரு பருவத்தில்தான்.

மற்ற மாதங்களில் நிலை எப்படி என்பது இராமேசுவரம், பாம்பன், தங்கச்சிமடம், மண்டபம் குடும்பங்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. காலையில் புறப்படும் விசைப்படகு இரவெல்லாம் கடலில் கழித்து மறுநாள் காலையில் கரை திரும்புகிறது. களைத்து வந்த தகப்பன் உறங்கும் நேரத்தில் பிள்ளை பள்ளியில் இருக்கிறது. பிள்ளை உறங்கும் நேரத்தில் தகப்பன் அலைகளின்மேல் இருக்கிறான். கடல் தொழில் செய்யாத வீடுகளிலும் கதை வேறாக இல்லை. இராமநாதபுரம் நகரில் கடை வைத்திருப்பவர் இரவு பத்து மணிக்குக் கதவடைக்கிறார். வளைகுடா நாட்டில் உழைப்பவரைப் பிள்ளை தொலைபேசித் திரையில்தான் பார்க்கிறது.

எனவே இக்கோடையில் பெற்றோரிடம் ஒரு சிறிய விண்ணப்பம். உங்கள் சின்னஞ்சிறு பிள்ளைகளை அழைத்துக்கொண்டு, வீட்டிற்கு அருகிலுள்ள விளையாட்டுத் திடலுக்கு மாலையில் ஒரு மணி நேரம் செல்லுங்கள். பிள்ளையை அங்கே அனுப்பிவிடுவது வேறு. கூடவே செல்வது வேறு. இக்கட்டுரை கூடச் செல்வதைப் பற்றியது.

மணலே முதல் திடல்

‘எங்கள் ஊரில் திடல் ஏது? ஊஞ்சல் ஏது? சறுக்குமரம் ஏது?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. ஆனால் விளையாட்டுத் திடல் என்றால் இரும்புக் கருவிகள்தாம் என்று எண்ணுவது பிழை. உலகில் திடல்கள் தோன்றிய வரலாறு வேறு பாடம் சொல்கிறது.

1885ஆம் ஆண்டு, அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஏழைத் தொழிலாளர் நெருக்கமாக வாழ்ந்த பகுதி ஒன்றில், ஒரு சிற்றாலயத்தின் முற்றத்தில் ஒரு மணற்குவியல் கொட்டப்பட்டது. பெர்லின் நகரப் பூங்காக்களில் குழந்தைகள் மணலில் விளையாடுவதைக் கண்டிருந்த மேரி சக்ஷெவ்ஸ்கா என்னும் பெண் மருத்துவர் கூறிய யோசனை அது. தெருவில் வண்டிகளுக்கிடையே ஓடித் திரிந்த குழந்தைகள் அங்கே வந்து குழி தோண்டினர், வீடு கட்டினர். அவர்களைப் பார்த்துக்கொள்ளப் பெண்கள் அருகில் அமர்ந்தனர். அமெரிக்க நாட்டின் விளையாட்டுத் திடல் இயக்கத்திற்கு அந்த மணற்குவியலையே தொடக்கமாகக் கூறுவர். கருவி ஏதும் இல்லை. மணல் இருந்தது, கூட அமரப் பெரியவர் இருந்தனர். அவ்வளவே.

இரண்டாம் உலகப் போர் முடிந்தபின், 1947இல், ஆம்ஸ்டர்டாம் நகரத்தின் கட்டடக் கலைஞர் ஆல்டோ வான் ஐக் என்பவர் ஒரு சிறு சதுக்கத்தில் ஒரு மணல்தொட்டியையும், குட்டிக்கரணம் போடச் சில கம்பிகளையும் அமைத்தார். அதன்பின் வீடுகளுக்கிடையே கிடந்த வெற்றிடங்கள் ஒவ்வொன்றாகத் திடல்களாயின. சுமார் முப்பது ஆண்டுகளில் அந்நகரில் எழுநூற்றுக்கு மேற்பட்ட திடல்களை அவர் வடிவமைத்தார். பெரிய பூங்கா ஒன்றை ஊருக்கு வெளியே அமைப்பதைவிட, தாய் சமையலறையிலிருந்து கூப்பிட்டால் கேட்கும் தொலைவில் சிறு திடல்கள் பல இருப்பது மேல் என்பதை அந்நகரம் கண்டுகொண்டது.

நம் முன்னோர் இதை நெடுங்காலத்திற்கு முன்பே அறிந்திருந்தனர். நெய்தல் நிலத்துச் சிறுமியர் கடற்கரை மணலில் கட்டிய சிறு வீட்டிற்குச் ‘சிற்றில்’ என்று பெயர் வைத்தனர். பிள்ளைத்தமிழ் என்னும் இலக்கிய வகையோ குழந்தையின் விளையாட்டையே பருவங்களாகப் பகுத்துப் பாடுகிறது. ஆண்பாற் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தலும், சிறுபறை கொட்டலும், சிறுதேர் உருட்டலும் இடம்பெறுகின்றன. பெண்பாற் பிள்ளைத்தமிழில் கழங்கும் அம்மானையும் ஊசலும் இடம்பெறுகின்றன. ஊசல் என்பது நம் ஊஞ்சலே. மணலும், தேரும், ஊஞ்சலும் கொண்ட திடலைத் தமிழ் தன் இலக்கியத்திலேயே கட்டி வைத்திருக்கிறது.

பாஸ்டனில் வண்டியில் ஏற்றிக் கொண்டுவந்து கொட்டிய மணலை இறைவன் நமக்கு ஊர் முழுவதும் விரித்து வைத்திருக்கிறார். ஏப்ரல், மே மாதங்களில் பனை நுங்கைத் தருகிறது. தின்றபின் எஞ்சும் இரண்டு கூந்தல்களும் ஒரு குச்சியும் கவைக்கோலும் இருந்தால் நுங்கு வண்டி ஆயத்தம். பச்சை ஓலையில் காற்றாடி செய்யலாம், கிலுகிலுப்பை பின்னலாம். ஈர மணலில் வரம்பு கட்டித் துரும்பை ஒளித்துக் கிச்சுக்கிச்சுத் தாம்பாளம் ஆடலாம். இவற்றையெல்லாம் பிள்ளைக்குக் கற்றுத்தர ஒரு தாத்தாவோ பாட்டியோ போதும். விலைக்கு வாங்க வேண்டியது ஒன்றுமில்லை.

கரைக்கு அழைத்துச் சென்ற ஆசிரியர்

கூடச் செல்லும் பெரியவரால் என்ன விளையும் என்பதற்கு நம் தீவிலேயே சான்று இருக்கிறது. 1931ஆம் ஆண்டு அக்டோபர் 15ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்த அப்துல் கலாம், தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் படித்த நாளில் நடந்ததைப் பிற்காலத்தில் பல மேடைகளில் நினைவுகூர்ந்தார். சிவசுப்பிரமணிய ஐயர் என்னும் ஆசிரியர் பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் படம் வரைந்து விளக்கினார். சிறுவர்களுக்கு விளங்கவில்லை. ஆசிரியர் சினம் கொள்ளவில்லை. மாலையில் வகுப்பு முழுவதையும் கடற்கரைக்கு அழைத்துச் சென்றார். கடற்பறவைகள் சிறகடித்து எழுவதையும், வாலைத் திருப்பித் திசை மாற்றுவதையும் நேரில் காட்டினார். பறத்தல் தொடர்பான கல்வியே தம் வாழ்வின் வழி என்னும் எண்ணம் அந்த மாலையில்தான் உதித்ததென்று கலாம் கூறுவார்.

அந்தக் கடற்கரையும் பறவைகளும் அதற்கு முன்னும் அங்கேதான் இருந்தன. சிறுவர்களும் நாள்தோறும் அவற்றைப் பார்த்தவர்களே. ஒரு பெரியவர் பக்கத்தில் நின்று, ‘அதோ பார்!’ என்று கை நீட்டியதே புதிது. இவ்வாறு கை நீட்டுவதற்குப் படிப்பு வேண்டுமென்று எண்ண வேண்டாம். காற்றின் வாக்கைப் பார்த்துக் கச்சானா கொண்டலா என்று சொல்லத் தெரிந்த தகப்பன், நண்டு எந்தப் பக்கம் வளை தோண்டும் என்று அறிந்த தாத்தா, சங்குகளின் பெயர்களை வரிசையாகச் சொல்லும் பாட்டி, இவர்கள் அனைவரும் ஆசிரியர்களே. அவர்கள் பிள்ளையோடு வெளியே வரவேண்டும் என்பதே குறை.

பக்கத்தில் நிற்பது போதுமா?

இளைஞரின் தந்தையெனப் போற்றப்படும் புனித ஜான் போஸ்கோ 1884ஆம் ஆண்டு மே 10ஆம் நாள் உரோமையிலிருந்து தம் துரின் நகர இல்லத்தாருக்கு ஒரு கடிதம் எழுதினார். சலேசிய சபையாரிடையே புகழ்பெற்ற கடிதம் அது. கனவில் தாம் கண்ட இரண்டு விளையாட்டுத் திடல்களை அதில் அவர் விவரிக்கிறார். முதலாவது, பழைய நாள்களின் திடல். அங்கே குருக்களும் சிறுவர்களும் கலந்து ஓடுகின்றனர்; பாட்டும் சிரிப்பும் எங்கும் நிறைந்திருக்கின்றன. இரண்டாவது, அவர் கடிதம் எழுதிய நாளின் திடல். சிறுவர்கள் சோர்ந்து மூலைகளில் ஒதுங்கியிருக்கின்றனர். பெரியவர்களும் அங்கே இருக்கத்தான் செய்கின்றனர். ஆனால் தமக்குள் பேசியபடி உலாவுகின்றனர், அல்லது தொலைவில் நின்று கண்காணிக்கின்றனர். பிள்ளைகள்மேல் நமக்கு அன்பு இருக்கலாம்; அந்த அன்பைப் பிள்ளைகள் கண்டுணர வேண்டாமா என்பதே கடிதம் எழுப்பும் கேள்வி. பெரியவர் பிள்ளையின் விருப்பத்தில் பங்கெடுத்தால், பிள்ளை பின்னர் பெரியவரின் சொல்லில் பங்கெடுக்கும் என்பது அவர் காட்டும் வழி.

இதைப் படிக்கும்போது நம் காலத்துத் திடல்கள் கண்முன் வருகின்றன அல்லவா? பிள்ளை சறுக்குமரத்தின் உச்சியில் நின்று, ‘அப்பா, என்னைப் பாருங்க!’ என்று கூவுகிறது. அப்பா கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். மூன்று முறை கூவிய பிள்ளை நான்காம் முறை கூவுவதில்லை. பிள்ளை கேட்டது பொம்மையோ மிட்டாயோ அன்று. தன்மேல் ஒரு பார்வை. அந்தப் பார்வையை மறுக்கப்பட்ட பிள்ளை பதினைந்து வயதில் நம்மிடம் எதையும் சொல்வதில்லையே என்று வருந்துவதில் என்ன பயன்?

அதற்காக ஒவ்வொரு கணமும் பிள்ளையைப் பிடித்துக்கொண்டு, ‘அதைத் தொடாதே, இங்கே ஏறாதே, இப்படி ஆடு’ என்று ஏவிக்கொண்டிருப்பதும் தகாது. விளையாட்டு பிள்ளையினுடையது. வயதறிந்து நாம் அருகில் இருக்க வேண்டும்.

ஒன்றிரண்டு வயதுப் பிள்ளை சிரட்டையில் மணலை நிரப்பும், கொட்டும், மீண்டும் நிரப்பும். நூறு முறை செய்தாலும் அதற்குச் சலிப்பில்லை. அதைக் கெடுக்காமல் அருகில் அமர்ந்து இன்னொரு சிரட்டையை நாம் நிரப்பினால் போதும். இரண்டரை, மூன்று வயதில் பிள்ளைகள் பக்கத்தில் பக்கத்தில் அமர்ந்தாலும் தனித்தனியே விளையாடும். சேர்ந்து ஆடும் திறம் மெல்லப் பின்னரே வருகிறது. மில்ட்ரெட் பார்ட்டன் என்னும் அமெரிக்க ஆய்வாளர் 1932இல் வெளியிட்ட ஆய்வில் இப்படிகளை விளக்கியிருக்கிறார். ஆகையால் இரண்டு வயதுப் பிள்ளை தன் வாளியை அடுத்த பிள்ளைக்குக் கொடுக்க மறுத்தால், ‘கருமி’ என்று பழித்து அடிக்க வேண்டாம். அது குணக்கேடு அன்று, வயது. நான்கைந்து வயதில் அதே பிள்ளை தானே விதி வகுத்து, ‘நீ மீன்காரி, நான் தரகர்’ என்று கூட்டாளியோடு ஏலம் விடும்.

உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலையும் பெற்றோர் அறிவது நலம். ஒன்று முதல் நான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் நாளொன்றுக்கு மொத்தம் 180 நிமிடமாவது ஓடியாட வேண்டும். ஒரு வயதுப் பிள்ளைக்குத் திரையே கூடாது. இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு மணி நேரத்திற்கு மேல் கூடாது. அழும் பிள்ளையின் கையில் கைப்பேசியைக் கொடுத்து அடக்குகிற வழக்கம் நம் வீடுகளில் எவ்வளவு பெருகிவிட்டது! அழுகை அடங்குகிறது, உண்மை. கூடவே கால்களும் அடங்கிவிடுகின்றன.

ஓரமாக நிற்கும் அக்காள்

நம் ஊர்த் திடல்களில் கண்டும் காணாமலும் நாம் கடந்துபோகிற ஒருத்தி உண்டு. ஒன்பது அல்லது பத்து வயது இருக்கும். இடுப்பில் ஒரு வயதுத் தம்பி. ஒரு கை அவனைத் தாங்கியிருக்க, மற்றொரு கை அடுத்த தங்கையைப் பிடித்திருக்கும். தோழிகள் பாண்டி ஆடுவதை அவள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். தாய் மீன் விற்கவோ, கருவாடு காயப் போடவோ, பாசி எடுக்கவோ சென்றிருக்கிறாள். வீட்டின் சின்னவர்களைத் திடலுக்கு அழைத்து வருவது இந்தச் சிறுமியின் கடமை. சின்னவர்கள் விளையாடுகின்றனர், அவள் விளையாடுவதில்லை.

தாயைக் குறை கூற முடியாது. அவள் உழைப்பில்லாமல் அடுப்பு எரியாது. ஆனால் தடைக்காலத்தில் தகப்பன் வீட்டில் இருக்கிறாரே! அவர் வந்து அந்த இடுப்புச் சுமையைத் தம் தோளில் வாங்கிக்கொண்டால், ஒரு மணி நேரத்திற்கு அந்தச் சிறுமி மீண்டும் சிறுமியாவாள். ஒற்றைக் காலில் நொண்டியடித்துக் கட்டம் தாண்டுவாள். ஐக்கிய நாடுகளின் பொதுப்பேரவை 1989ஆம் ஆண்டு நவம்பர் 20ஆம் நாள் ஏற்ற குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் குழந்தையின் உரிமை என்கிறது. இந்தியா 1992 டிசம்பரில் அதில் இணைந்தது. ஆண் குழந்தைக்கு ஒன்று, பெண் குழந்தைக்கு ஒன்று என்று அப்பிரிவு பாகுபடுத்தவில்லை. நம் வீடுகளில் அந்த உரிமை நடைமுறைக்கு வர நியூயார்க்கிலிருந்து யாரும் வரவேண்டியதில்லை. தகப்பன் எழுந்து வந்தால் போதும்.

தடைக்காலத்தில் தகப்பன்மாருக்கும் கவலை உண்டு என்பதை அறியாமல் சொல்லவில்லை. கையில் காசு இராது. படகைக் கரையேற்றிப் பலகை மாற்ற வேண்டும், வண்ணம் பூச வேண்டும், வலை முடிய வேண்டும். சிலர் வேலை தேடிக் கேரளக் கரைக்குச் செல்கின்றனர். இக்கவலைகளால் மனம் நொந்து சாராயக் கடையின் வாசலில் மாலையைக் கழிப்பவரும் உளர். அவர்களுக்கே அன்போடு சொல்கிறேன்: அந்த மாலை நேரம்தான் உங்கள் பிள்ளை திடலுக்குச் செல்லும் நேரம். அங்கே செலவு ஏதுமில்லை. வீடு திரும்பும்போது பிள்ளை உங்கள் தோளில் உறங்கிவிடும்.

தகப்பன் அருகில் இல்லாத வீடுகளும் உண்டு. எல்லை தாண்டியதாகக் கைதாகி இலங்கைச் சிறையில் நாள்களை எண்ணுபவரின் பிள்ளைகள் நம் பங்குகளில் இருக்கின்றனர். கடலில் தகப்பனை இழந்த பிள்ளைகளும் இருக்கின்றனர். தாய்மாமனும் சித்தப்பாவும் எதற்காக? திருமுழுக்கு நாளில் மெழுகுதிரி ஏந்தி நின்ற ஞானத்தந்தையும் ஞானத்தாயும் எதற்காக? ஆண்டுக்கொருமுறை பிறந்தநாளில் புத்தாடை வாங்கிக் கொடுப்பதோடு அவர்கள் பொறுப்பு முடிந்துவிடுமா? தம் பிள்ளைகளோடு அந்தப் பிள்ளையையும் கைப்பிடித்துத் திடலுக்கு அழைத்துச் செல்வது ஞானப்பெற்றோர் செய்யக்கூடிய எளிய, இனிய பணியாகும்.

போகுமுன் பார்க்க வேண்டியவை

கூடச் செல்பவருக்குச் சில எச்சரிக்கைகளும் தேவை.

முதலாவது, வெயில். நம் மாவட்டத்துச் சித்திரை வெயிலில் இரும்புச் சறுக்குமரம் அடுப்புக்கல் போலாகும். மாலை ஐந்து மணிக்கு மேல் செல்வதே நலம். அப்போதும் பிள்ளையை ஏற்றுமுன் உங்கள் புறங்கையை அதன்மேல் வைத்துப் பாருங்கள். உங்கள் கை பொறுக்காததைப் பிள்ளையின் தொடை பொறுக்காது. குடிக்கத் தண்ணீர் மறவாமல் எடுத்துச் செல்லுங்கள்.

இரண்டாவது, துரு. உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஊஞ்சல் சங்கிலியின் மேல் வளையம், திருகாணிகள், பற்றவைத்த மூட்டுகள் ஆகியவற்றை வாரம் ஒருமுறை யாரேனும் ஒருவர் ஆட்டிப் பார்க்க வேண்டும். படகின் இரும்பை ஆண்டுதோறும் பார்த்துப் பழகிய கண்களுக்கு இது பெரிய காரியமன்று.

மூன்றாவது, கழுத்துக் கயிறு. உத்தரியமோ, சுரூபம் கோத்த கயிறோ, செபமாலையோ அணிந்த பிள்ளை சறுக்குமரத்தில் ஏறும்போது அது கம்பியில் மாட்டிக் கழுத்தை இறுக்கக்கூடும். விளையாடும் நேரத்தில் கழற்றி உங்கள் சட்டைப் பையில் வைத்துக்கொள்வதால் பக்திக்குக் குறைவொன்றும் நேராது. துப்பட்டாவும் சட்டை நாடாவும் அப்படியே.

நான்காவது, பலரும் அறியாதது. சின்னப் பிள்ளைக்குப் பயமாக இருக்குமென்று அதை மடியில் இருத்திக்கொண்டு பெரியவர் சறுக்கி வருவதுண்டு. அது பாதுகாப்பு என்றே எண்ணுகிறோம். உண்மையில் பிள்ளையின் கால் சறுக்கின் ஓரத்தில் தட்டி நின்றுவிட, பெரியவரின் எடை பின்னாலிருந்து தள்ள, முழங்காலுக்குக் கீழ் எலும்பு முறிந்துபோகிறது. தனியே சறுக்க முடியாத பிள்ளை இன்னும் சறுக்க வேண்டாம். தாழ்ந்த சறுக்கில் பக்கத்தில் நின்று கை பிடித்துக்கொள்ளலாம்.

ஐந்தாவது, ஊஞ்சல். ஆடும் ஊஞ்சலின் முன்னும் பின்னும் நடமாடும் சின்னப் பிள்ளையே அடிபடுகிறது. ஆடுபவரைவிட, சுற்றி நிற்பவர்மேல் கண் வையுங்கள்.

ஆறாவது, தரை. சீமைக் கருவேல முள்ளின் கொடுமையை நம் மாவட்டத்தார்க்கு விளக்க வேண்டியதில்லை. விளையாடுமுன் தரையைக் கூட்டி, முள்ளையும் கண்ணாடித் துண்டையும் தூண்டில் முள்ளையும் பொறுக்கி எறியுங்கள். நாயும் பூனையும் அசுத்தம் செய்த மணலை அகற்றுங்கள். அசுத்தமான மண்ணில் வெறுங்காலோடு நடந்தால் கொக்கிப்புழு தோல் வழியே உடலுக்குள் புகும். வீடு திரும்பியதும் சோப்பிட்டுக் கைகால் கழுவுவது கட்டாயம்.

கடைசியாக, கடல். திடல் கடலோரத்தில் இருந்தால் கவனம் இரட்டிப்பாக வேண்டும். பாக் நீரிணையைப் பெண்கடல் என்றும், மன்னார் வளைகுடாவை ஆண்கடல் என்றும் நம் மக்கள் வழங்குவர். பெண்கடல் அமைதியானது என்று நம்பிச் சிறு பிள்ளையை விட்டுவிட்டுத் திரும்ப வேண்டாம். முழங்காலளவுத் தண்ணீரும் சின்னப் பிள்ளைக்குப் போதும். மூழ்கும் பிள்ளை பெரும்பாலும் சத்தமிடுவதில்லை. நீரருகே இருக்கும்வரை கைக்கெட்டும் தொலைவில் இருங்கள். கரையேற்றிய படகின் அடியிலும் நங்கூரக் கயிறுகளுக்கிடையிலும் ஒளிந்து விளையாட விடாதீர்கள்.

ஆலயத் திடல் யாருக்கு?

இனிப் பங்கு மக்களிடமும் பங்குப்பேரவையாரிடமும், என்னைப் போன்ற குருக்களிடமும் ஒரு சொல். நம் கடற்கரை ஊர்களில் எஞ்சியிருக்கும் திறந்தவெளி பெரும்பாலும் இரண்டே: பள்ளி மைதானம், ஆலயத் திடல். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் விளையாட்டு மைதானம் வேண்டும் என்கிறது. ஆனால் மாலை மணி அடித்ததும் பள்ளியின் வாயில் பூட்டப்படுகிறது. எனவே சின்னப் பிள்ளைகளுக்குக் கூப்பிடு தொலைவில் மிஞ்சுவது கொடிமரத்தைச் சுற்றிய நம் திடல்தான்.

அதற்கு என்ன நேர்கிறது? திருவிழாவிற்குத் திடல் அழகாக வேண்டும் என்று சிமெண்டுக் கற்களைப் பதித்துவிடுகிறோம். மணல் மறைகிறது. பகலெல்லாம் கல் கொதிக்கிறது. விழுந்த பிள்ளையின் முழங்கால் சிதைகிறது. நிழல் தந்த வேம்பையும் புங்கையும் பந்தலுக்கு இடையூறு என்று வெட்டிவிடுகிறோம். எஞ்சிய இடத்தில் வாகனங்கள் நிற்கின்றன. பூந்தொட்டியைச் சுற்றிக் கம்பி வேலி. பின்னர், ‘பிள்ளைகள் மறைக்கல்விக்கு வருவதில்லை, கைப்பேசியே கதியென்று கிடக்கின்றனர்’ என்று குறைப்படுகிறோம்.

தேர் சுற்றும் பாதைக்குக் கல் பதிப்பதை யாரும் தடுக்கவில்லை. ஒரு மூலையை மட்டும் மணலாகவே விட்டுவைக்கலாமே! ஒரு மீன்பிடிப் படகின் அளவு இடம் போதும். அதன் மேற்கே மாலை வெயிலை மறைக்க ஒரு வேம்பு. அதைச் சுற்றிப் பெரியவர்கள் அமர ஒரு திண்ணை. கைகால் கழுவ ஒரு குழாய். தேய்ந்த வலைக்கயிற்றில் கட்டிய ஓர் ஊஞ்சல். இவற்றுக்கு நன்கொடைப் பலகை வைக்க வேண்டிய அளவுகூடச் செலவாகாது. விடுமுறை நாளில் குடும்பத்தோடு அரியமான் கடற்கரைச் சவுக்குத் தோப்பிற்குச் செல்வது இன்பமே. ஆயினும் ஆண்டில் ஒருநாள் உண்ணும் விருந்தால் பிள்ளை வளர்வதில்லை. அன்றாடச் சோற்றால் வளர்கிறது. அருகிலுள்ள சிறு திடலே அந்த அன்றாடச் சோறு.

எருசலேம் மீண்டும் தழைத்தோங்கும் நாளை இறைவாக்கினர் செக்கரியா தம் நூலின் 8ஆம் அதிகாரத்தில் காட்சியாகக் காண்கிறார். அக்காட்சியில் அவர் கோட்டையையோ கருவூலத்தையோ அடையாளமாகக் காட்டவில்லை. தெருக்களில் கோலூன்றிய முதியோர் அமர்ந்திருக்க, அவர்கள் கண்முன்னே சிறுவரும் சிறுமியரும் விளையாடுவதையே காட்டுகிறார். முதியோரும் பிள்ளைகளும் அச்சமின்றி ஒரே இடத்தில் கூடியிருக்கும் ஊர்தான் அவருக்கு ஆசி பெற்ற ஊர். நம் ஊர் அப்படிப்பட்ட ஊரா என்பதை அறிய நெடுந்தொலைவு செல்ல வேண்டாம். மாலை ஆறு மணிக்கு ஆலயத் திடலை எட்டிப் பார்த்தால் விளங்கிவிடும்.

அன்பார்ந்த பெற்றோரே, 61 நாள்கள் விரைந்து ஓடிவிடும். ஜூன் 14 நள்ளிரவு கடந்ததும் படகுகள் மீண்டும் புறப்படும். அதற்குமுன் பள்ளி மணியும் அடித்துவிடும். இன்று மூன்று வயதாயிருக்கும் பிள்ளைக்கு அடுத்த தடைக்காலத்தில் நான்கு வயது. மூன்று வயதுக் கோடை அதற்கு மறுபடி வராது. ஆகவே ‘நாளை பார்ப்போம்’ என்று தள்ளிப் போடாதீர்கள். இன்று மாலை ஐந்து மணிக்கு ஒரு சிரட்டை, ஒரு குச்சி, ஒரு புட்டி தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியை வீட்டில் வையுங்கள். பிள்ளையின் விரலைப் பிடித்து நடந்து செல்லுங்கள். ‘அப்பா, என்னைப் பாருங்க!’ என்று அது கூவும்போது, முதல் முறையிலேயே நிமிர்ந்து பாருங்கள்.